பெயிண்டில் ஊற்றும் தண்ணீருக்குள் இத்தனை சங்கதியா?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குக் காகிதக் கூழ் வைத்தியம் நடந்திருக்கிறது, தெரியுமா? உப்பில்லாத தண்ணீரில் ஊறிய கூழைத் தொல்லியல் துறையினர் கல்லின் மேல் அப்பிவிடுவார்கள். கூழ் காயக் காய, கல்லுக்குள் ஏறிய கடல் உப்பு கரைந்து வெளியே வந்து கூழில் ஒட்டிக்கொள்ளும். உரித்தெடுத்தால் உப்பும் போச்சு! எட்டாம் நூற்றாண்டுக் கருங்கல்லுக்கே இந்தப் பாடு என்றால், கோவளத்தில் நேற்று பட்டி பார்த்த சுவர் எம்மாத்திரம்?

அந்தச் சுவருக்கு நாமே உப்பு ஊட்டுகிறோம் என்பதுதான் வேடிக்கை. எமல்ஷன் டப்பாவைத் திறந்ததும் கைக்கெட்டிய போர் தண்ணியை ஊற்றிக் கலக்குகிறோமே! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கரையோரப் போரில் அவ்வளவு இராது. ஆனால் காயும்போது தண்ணீர்தான் பறக்கும், உப்பு சுவரிலேயே தங்கும். பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், பெயிண்ட் பொரிந்து உதிரும்.

எமல்ஷனுக்குள் மிதப்பது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள அக்ரிலிக் உருண்டைகள்! தண்ணீர் போனதும் அவை நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோலாகிவிடும். அதனால்தான் தண்ணீரில் கலந்த பெயிண்டை மழைத் தண்ணீர் கரைப்பதில்லை.

இன்னொன்று: நம்மூர் டப்பாக்கள் பலவற்றில் லிட்டருக்கு 400 மில்லி அளவுக்குத் தண்ணீர் சேர்க்கச் சொல்லியிருக்கும். அமெரிக்கப் பெயிண்டுகள் பலவற்றில் ஒரு கேலனுக்கே, அதாவது 3.8 லிட்டருக்கே, கால் லிட்டரைத் தாண்டக்கூடாது! யூடியூபில் அமெரிக்கர்களைப் பார்த்து அளந்தால் ரோலர் இழுக்கவே இழுக்காது. டப்பாவில் அச்சிட்டிருப்பதே கணக்கு. குச்சியை விட்டுத் தூக்கினால் பெயிண்ட் நூலாக அறாமல் வழிய வேண்டும். சொட்டுச் சொட்டாக ஓடினால் தண்ணீர் கூடிப்போச்சு, சுவரில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

தாத்தா காலத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இதைவிட அதிசயம். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும்! சுவரில் அடித்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே இறுகிவிடும்.

சரி, உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது? மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிறார்கள்; 2024-ல் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலையும் வந்தாச்சு. குழாயெல்லாம் சென்னைப் பக்கம். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) வீட்டுக்காரர் பெயிண்டுக்குக் கேன் தண்ணி வாங்கினால் சிரிக்காதீர்கள்: 20 லிட்டர் டப்பாவுக்கு 8 லிட்டர், அரைக் கேன்கூட ஆகாது!