ஆலந்தூர் பாதாளச் சாக்கடை

இந்த மூடிக்குக் கீழே ஓடுவது, ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது ஊரார் தங்கள் பணத்தையும் போட்டு அமைத்த பாதாளச் சாக்கடை. அதுவரை வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். 1996-இல் பொறுப்பேற்ற நகர்மன்றம் குடியிருப்போர் சங்கங்களிடம் நேரில் பேசி ஆதரவு திரட்டியது. குழாய் பதிக்கும் முன்பே, வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்ட மக்கள் முன்வந்தார்கள். நடுத்தரக் குடும்பங்களுக்கு அன்று அது பெரிய தொகை; தங்கள் நகர்மன்றத்தின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் பெருங்குடியில் அமைந்தது.

2011 அக்டோபரில் ஆலந்தூர் உட்பட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியில் இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. ஆலந்தூர் நகர்மன்றம் கலைந்தது. ஊர் 12-ஆவது மண்டலத்தின் பகுதியானது. இந்தக் குழாய்களின் பொறுப்பு சென்னைக் குடிநீர் வாரியத்துக்குச் சென்றது.

2018-இல் ஆலந்தூர் வட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. மண்டலம், வட்டம், சட்டமன்றத் தொகுதி, மெட்ரோ ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு இன்றும் ஆலந்தூர் என்றே பெயர்.