உலைக்கு எவ்வளவு காற்று?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு பெரிய எழுத்தாளர்கள் 1923ஆம் ஆண்டில் பிறந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் வைத்த காலை விடாது. அந்த மண்ணைக் கொத்திக் கொத்தி மண்வெட்டியும் கொழுவும் மழுங்கிப்போகும். காய்ச்சி அடித்துக் கூராக்கக் கொல்லப் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

உலைக்குக் காற்று ஊத முன்பு தோல் துருத்தி இருந்தது. அப்புறம் கையால் சுற்றும் புளோயர் வந்தது. இப்போது மோட்டார் புளோயர். சுவிட்சைத் தட்டினால் போதும், காற்று சீறும். ஆனால் எவ்வளவு சீறவேண்டும் என்பது ஆசாரிக்குத்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிய ஏறக்குறைய 11.5 கிலோ காற்று வேண்டும். ஆமாம், கரியைவிடக் காற்றுதான் எடை அதிகம்! கண்ணுக்குத் தெரியாததால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அது எரியவும் செய்யாது, எரிக்கவும் செய்யாது; சும்மா உள்ளே வந்து, சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே போய்விடும்.

காற்று குறைந்தால் கரி அரைகுறையாக எரியும். இரும்பு மங்கிய சிவப்பிலேயே நிற்கும். மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் கூடும். பட்டறையைத் திறந்த கொட்டகையாகப் போட்டால் அது உள்ளே தேங்காமல் வெளியேறிவிடும்.

காற்று கூடினால்? அங்கேதான் வேடிக்கை. கரிக்குத் தேவையானதுபோக மிஞ்சும் ஆக்சிஜன் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரும்பின் மேல் கருஞ்செதில் படியும். சம்மட்டி அடி விழுந்ததும் உதிரும். உதிர்ந்தது அத்தனையும் மண்வெட்டியிலிருந்து போன இரும்பு. இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்தால், அதாவது சுமார் 900, 1000 டிகிரி செல்சியஸில், நன்றாக அடிபடும். அதையும் தாண்டி வெளுத்துப் பொறி பூவாகச் சிதறினால், இரும்பே எரிகிறது என்று பொருள். எரிந்த இரும்பை எந்த ஆசாரியாலும் மீட்கமுடியாது.

காற்றைக் குறைக்க ஓர் எளிய வழி, புளோயரின் வாயை ஒரு தகட்டால் பாதி மூடுவது. மூடினால் மோட்டார் திணறும் என்று நினைப்பீர்கள். கையில் பிடிக்கும் சிறிய மோட்டார் புளோயரில் நடப்பது நேர்மாறு: சத்தம் 'கீ' என்று உயரும், வேகம் கூடும். காற்றை அள்ளி வீசுவதுதான் இறக்கைகளின் சுமை. காற்றே வராதபோது சுமை குறைந்துபோகிறது. (நீங்கள் செய்து பார்க்கவேண்டாம். பல மோட்டார்கள் சூடு தணிவதே அந்தக் காற்றால்தான்.)

இன்னொரு வழி, வேகத்தையே குறைப்பது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் அதைச் சுழற்றத் தேவைப்படும் திறனோ எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும்! பாதிக்குப் பாதி, அதற்கும் பாதி. மின்விசிறிக்கும் இதே கணக்குதான்.

காற்றின் அளவு பட்டறைக்கு மட்டும் முக்கியமல்ல. கனடா போன்ற குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க உள்ளேயே ஓர் உலை உண்டு. அதிலுள்ள பெரிய புளோயர் தீயை ஊதுவதில்லை. தீயால் சூடான உலோகச் சுவர்களின் மேல் காற்றை ஓட்டி அறைகளுக்கு அனுப்புகிறது. வேகம் மிகக் குறைந்தால் அந்தச் சுவர்கள் அளவுக்குமீறிச் சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் உலையை அணைத்துவிடும். மிகக் கூடினால் அறைக்கு வெதுவெதுப்பான காற்றுதான் வரும். அதனால் மெக்கானிக் வந்து வேகத்தை அளந்து வைக்கிறார்.

லீவு நாளில் பட்டறைப் பக்கம் போனால் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். வேலை முடிந்து எல்லாம் ஆறியபிறகு, ஆசாரியிடம் கேட்டுக்கொண்டு பட்டடைக்கல்லைச் சுற்றித் தரையில் ஓட்டிப் பாருங்கள். கருஞ்செதில் ஒட்டிக்கொண்டு வரும்.