ஆச்சியின் முட்டியிலிருந்து தொடங்குகிற பிளான்: அட்லாண்டா அக்வேரியத்துக்குக் குடும்பத்தோடு போவது எப்படி?

இந்த எபிசோடில் கோடிங் இல்லை, கிளவுட் இல்லை. மீன் மட்டும்தான். ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து ஜார்ஜியா அக்வேரியத்துக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் ரெண்டு தடவை போனேன். முதல் தடவை முழுச் சொதப்பல். காரணம் வேற யாரும் இல்லை, என் பிளான்தான்.

முதல் தடவை என்ன ஆச்சு?

சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. அப்பா, அம்மா, அக்கா, அத்தான், ஏழு வயசு மருமக, மூணு வயசு மருமகன், நான். கையில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். எல்லா கேலரியும் பார்க்கணும், ஒவ்வொண்ணுக்கும் இருபது நிமிஷம். சின்னவன் ஒரு மணிக்குத் தூங்குற பிள்ளை, அது ஷீட்டில் இல்லை. அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், அதுவும் இல்லை.

ஒரு மணி நேரத்துல அம்மா ரெஸ்ட்ரூம் பக்கத்துல ஒரு பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்." நாங்களும் போயிட்டோம். தூத்துக்குடியிலிருந்து அவ்வளவு தூரம் வந்த அம்மா அன்னிக்குப் பார்த்தது அந்தப் பெஞ்சைத்தான். திரும்பும்போது கார்ல சொன்னாங்க: "அடுத்த தடவை நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன். என்னால ஒங்களுக்கு எடஞ்சல்." அவங்க ஊருக்குத் திரும்ப ஆறு வாரம்தான் இருந்தது. அந்த வார்த்தையை அப்படியே விட எனக்கு மனசு வரலை.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கோங்க

2005 நவம்பர்ல திறந்த இந்தக் கட்டடம், நெட்வொர்க்ல சொல்ற ஹப் அண்ட் ஸ்போக் மாதிரி. நடுவுல ஒரு பெரிய ஹால், அதைச் சுத்தி கேலரிகள். ஒரு கேலரியைப் பார்த்துட்டு வெளிய வந்தா மறுபடி அதே ஹால். சாப்பாட்டுக் கடையும் அங்கேயே. அதனால எல்லாரும் எல்லாத்தையும் சேர்ந்து நடக்கணும்னு கட்டாயமே இல்லை. ஹாலை வீட்டுத் திண்ணை மாதிரி வெச்சுக்கலாம். ஒருத்தர் உட்காரலாம், மத்தவங்க போயிட்டு வரலாம், யாரும் தொலைய மாட்டாங்க.

ஆளுக்கு ஒண்ணு

ஒரு பைப்லைனோட வேகம் அதோட மெதுவான கட்டத்தோட வேகம்தான். குடும்பமும் அப்படித்தான். ரெண்டாவது தடவை லிஸ்ட்டைக் கிழிச்சுட்டு, ஆளுக்கு ஒரு ஆசை கேட்டேன். அம்மாவுக்குத் திமிங்கலச் சுறா. மருமகளுக்குப் பென்குயின். சின்னவனுக்குத் தொட்டுப் பார்க்கிற தொட்டி. இந்த மூணும் கட்டாயம், மீதி எல்லாம் போனஸ்.

அடுத்தது வீல்சேர். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனா அம்மாவை உட்கார வைக்கிறதுதான் பெரிய வேலை. இதை வாசல்ல, எல்லார் முன்னாடியும் கேட்காதீங்க, கண்டிப்பா மாட்டேன்னுதான் சொல்வாங்க. முந்தின நாள் ராத்திரி வீட்ல பேசுங்க. எங்க வீட்ல அப்பாதான் முடிச்சு வெச்சார்: "ஏர்போர்ட்ல ஜம்முன்னு உக்காந்துட்டு வந்தேல்லா, இங்க மட்டும் என்னட்டி கூச்சம்?"

டிக்கெட், நேரம்

டிக்கெட்டுக்குத் தேதியும் நுழையிற நேரமும் உண்டு. நாளைப் பொறுத்து விலையும் மாறும். அதனால அவங்க சொந்த வெப்சைட்ல முன்கூட்டியே புக் பண்ணுங்க. பள்ளிக்கூடம் நடக்கிற வாரநாள், கதவு திறக்கிற நேரம், அதுதான் பெஸ்ட். நாங்க மருமகளுக்கு ஒரு நாள் லீவு போட்டோம். டால்ஃபின், கடல் சிங்கம் ஷோ ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்காதீங்க, ஒண்ணு போதும். சத்தம் அதிகம், சின்னவங்க மிரளலாம். உள்ளே ஏசி குளிரும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

பெரிய தொட்டிக்கு முதல்ல போங்க

ஓஷன் வாயேஜர்னு பேர். கிட்டத்தட்ட 2.4 கோடி லிட்டர் தண்ணி. கடல் அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அதனால ஊர்த் தண்ணியில உப்புக் கலந்துதான் கடல்நீர் தயாரிக்கிறாங்க. தொட்டிக்கு அடியில 100 அடி நீளத்துக்குச் சுரங்கப்பாதை, அதுல நகர்ற தரை. முட்டி வலிக்காரங்களுக்கு வரப்பிரசாதம்.

அதைத் தாண்டினா 61 அடி அகலம், 23 அடி உயரத்துக்கு ஒரு ஜன்னல். கண்ணாடி இல்லை, ரெண்டு அடி கனத்துல அக்ரிலிக். தண்ணிக்குள்ளிருந்து வர்ற ஒளி வளையிறதால, மீன் நிஜத்துல இருக்கிறதை விடக் கால் பங்கு கிட்ட இருக்கிற மாதிரித் தெரியும். சின்னவன் பின்னாடி நகர்ந்தது அதனாலதான். இங்க அவசரப்படாதீங்க. நாங்க முக்கால் மணி நேரம் இருந்தோம்.

"மீன் பாக்கக் காசா?"ன்னு கேட்ட அப்பா, துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மன்னார் வளைகுடாவுலயும் இந்தச் சுறா உண்டு, வலையில மாட்டும், ஆனா உடம்பு பெருசானாலும் சாப்பாடு பொடிப்பொடியான உயிர்கள்தான்னு பேத்திக்கு விளக்கிட்டு இருந்தார். 2001லிருந்து இந்தியாவுல இதைப் பிடிக்கிறது சட்டப்படி குற்றம்னு நான் சேர்த்துச் சொன்னேன்.

பிள்ளைங்க கட்டாயம் கேட்பாங்க: "இதோட வீடு எங்க? ஏன் போகலை?" மருமகளும் கேட்டா. மழுப்பாதீங்க. 2005ல முதல் ரெண்டு சுறாவைத் தைவான்லிருந்து விமானத்துல கொண்டுவந்தாங்க. அங்க அப்போ சாப்பாட்டுக்காகப் பிடிக்க அனுமதி இருந்தது. அந்த ரெண்டும் 2007ல செத்துப்போச்சு. இவ்வளவு பெரிய உயிரைத் தொட்டியில வெக்கலாமான்னு அன்னிக்குத் தொடங்கின கேள்வி இன்னும் முடியலை. இதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம பார்த்துட்டு இருந்தா.

மூணு மணி நேரத்துல கிளம்பிட்டோம். பாதிகூடப் பார்க்கலை, யாரும் குறை சொல்லவும் இல்லை. அம்மா ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட முதல்ல சொன்னது சுறாவைப் பத்தி இல்லையாம். "அங்க தரையே நம்மளக் கூட்டிட்டுப் போகுது"ன்னாங்களாம்.

உங்க வீட்ல ஆளுக்கு ஒரு ஆசை என்னன்னு இன்னிக்கே கேட்டு எழுதி வைங்க. டிக்கெட் அதுக்கப்புறம்.