டிரோன் வேட்டைக்கு டர்போபிராப்

2025 ஜூன் 23 இரவு, தோஹா தொழில்பேட்டையில், அதாவது நம்மவர்கள் வாயில் சனாயாவில், வேலை முடித்துக் கேம்ப் திரும்பியவர்கள் வானத்தில் தீப்பிழம்புகளைப் பார்த்தார்கள். அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவிய ஏவுகணைகளைப் பேட்ரியாட் ஏவுகணைகள் நடுவானில் அடித்துக்கொண்டிருந்தன. அந்தத் தளம் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. கராஜும் ஒர்க்‌ஷாப்பும் தொழிலாளர் குடியிருப்பும் நெருக்கியடித்துக் கிடக்கும் சனாயாவும் அதே திசையில்தான்.

வளைகுடாவில் யாரோ யாரோடோ சண்டை போட்டால் அடி விழுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். 2022 ஜனவரி 17 அன்று அபுதாபியின் முஸஃபா தொழில்பேட்டையில், அட்நாக் எண்ணெய்க் கிடங்கின் அருகே ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலில் மூன்று டேங்கர் லாரிகள் வெடித்தன. இறந்தவர்கள் மூவர். இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். பிழைக்கப் போனவர்கள்.

ஆகவே, வரும் டிரோனை எங்கே வைத்து அடிப்பது, எதைக் கொண்டு அடிப்பது என்பது ராணுவ நிபுணர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய கேள்வி அல்ல.

ஈரானின் ஷாஹெத்-136 டிரோன் சுமார் 200 கிலோ எடை. மணிக்கு ஏறத்தாழ 185 கி.மீ. வேகத்தில் வரும். அதன் விலை சில பத்தாயிரம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். அதை அடிக்கும் நவீன பேட்ரியாட் ஏவுகணை ஒன்றுக்கோ சுமார் 40 லட்சம் டாலர் ஆகும். நூறு டிரோன்கள் ஒன்றாகக் கிளம்பி வந்தால், தடுப்பவரின் கையிருப்புதான் முதலில் காலியாகும்.

போர் விமானத்தை அனுப்பலாமே என்று கேட்கலாம். 2024 ஏப்ரலில் இஸ்ரேலை நோக்கி ஈரான் டிரோன்களைக் கூட்டமாக ஏவிய இரவில், அமெரிக்காவின் எஃப்-15இ விமானம் ஒன்று அதைச் செய்து பார்த்தது. ஏவுகணைகள் தீர்ந்ததும் பீரங்கியால் சுட முயன்றார்கள். கும்மிருட்டு. டிரோன் தரையை ஒட்டிப் பறக்கிறது. ஜெட்டால் அந்த அளவுக்கு வேகத்தைக் குறைக்க முடியாது. குறி பார்ப்பதற்குள் இலக்கைத் தாண்டிவிடும், தரையும் நெருங்கிவிடும். ஆபத்தை உணர்ந்த விமானி விமானத்தை மேலே ஏற்றிக்கொண்டு விலகிவிட்டார்.

இலங்கைப் போரைக் கவனித்து வந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2007 மார்ச் 26 அன்று கட்டுநாயக்காவில் குண்டு போட்ட விடுதலைப் புலிகளின் ஸ்லின்-143 விமானம் பிஸ்டன் என்ஜினில் ஓடும் சிறு விமானம். ஜெட்கள் வைத்திருந்த விமானப்படையின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அத்தகைய விமானங்கள் பலமுறை வந்து போயின. 2009 பிப்ரவரி 20 அன்றுதான் கடைசி இரண்டும் வீழ்ந்தன.

மெதுவாக வருவதைப் பிடிக்க, கொஞ்சம் மட்டும் வேகம் கூடிய விமானம் போதும். அந்த இடத்தில்தான் டர்போபிராப் பொருந்துகிறது. உள்ளே இருப்பது ஜெட் என்ஜினின் சுழலிதான். அதன் சக்தியெல்லாம் முன்னால் உள்ள புரொப்பல்லரைச் சுற்றப் போகிறது. இந்த ரகத்தில் பெரும்பாலான விமானங்களில் இருப்பது பிராட் அண்ட் விட்னியின் பி.டி.6 என்ஜின். அதில் காற்று பின்புறமாக நுழைந்து முன்னோக்கி ஓடி எரியும். அதனால்தான் புகைக்குழாய் மூக்கின் பக்கவாட்டில், புரொப்பல்லருக்குச் சற்றுப் பின்னே துருத்திக்கொண்டிருக்கும். எரிபொருள் குறைவு. மணிக்கணக்கில் ஒரே இடத்தை வட்டமடிக்கலாம். ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவு ஜெட்டைவிடப் பல மடங்கு குறைவு.

வளைகுடாவுக்கு இது பழகிய சரக்கு. பயிருக்கு மருந்து தெளிக்கும் அமெரிக்க ஏர் டிராக்டர் விமானத்துக்குக் கவசமும் குண்டும் மாட்டி வாங்கியது ஐக்கிய அரபு எமிரேட்ஸ். லிபியா வரை கொண்டுபோய் நிறுத்தியது. 2017 துபாய் விமானக் கண்காட்சியில் அந்நாட்டின் காலிடஸ் நிறுவனம் பி-250 என்ற சொந்த விமானத்தையே காட்டியது. ஆனால் இவையெல்லாம் தரையில் இருப்பவர்களை அடிக்கச் செய்யப்பட்டவை. அந்த வேலையின் கொடுமையை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். இலங்கை விமானப்படை ஓட்டிய, அர்ஜென்டினாவில் செய்த புக்காரா என்ற இரட்டை டர்போபிராப் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் 1990-களில் அங்கே குழந்தைகளையும் பதுங்குகுழிக்கு ஓட வைத்தது. 1995 ஜூலையில் புலிகள் ஒரு புக்காராவைச் சுட்டு வீழ்த்தினார்கள். அடுத்தவர் நிலத்தின் மேல் தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் விமானம் எளிதில் அடிபடும்.

சொந்தக் கடலின் மேல் நிலைமை வேறு. கீழிருந்து தோளில் ஏவுகணை வைத்துச் சுட அங்கே ஆள் இல்லை. ஈரான் கரைக்கும் கத்தாரின் வடமுனைக்கும் இடையே ஏறத்தாழ 200 கி.மீ. கடல். அதைக் கடக்க ஷாஹெத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 500 கி.மீ. தாண்டும் டர்போபிராப்புக்கு அது தாராளமான நேரம். முதல் முறை குறி தவறினால் திரும்பி வந்து இன்னொரு முறை சுடலாம். என் பார்வையில் செலவுக் கணக்கைவிடப் பெரிய லாபம் வேறொன்று: உடைந்த டிரோனும் வெடிக்காத குண்டும் கடலில் விழும், கேம்ப் கூரையில் விழாது.

பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் 2025-ல் தன் சூப்பர் டுகானோவை டிரோன் வேட்டைக்கு முன்வைத்தது. இறக்கையில் இரண்டு 12.7 மி.மீ. துப்பாக்கிகள், லேசர் வழிகாட்டும் 70 மி.மீ. ராக்கெட்டுகள், அகச்சிவப்புக் கேமரா. அந்த வகை ராக்கெட்டைக் கொண்டு அமெரிக்க எஃப்-16-கள் ஹூதிகளின் டிரோன்களை ஏற்கெனவே வீழ்த்தியுள்ளன. உக்ரைனில் யாக்-52 பயிற்சி விமானத்தின் பின்னிருக்கையிலிருந்து துப்பாக்கி நீட்டிச் சுடும் அளவுக்கு இந்த வேட்டை எளிமையாகவும் நடக்கிறது.

கத்தாரிடம் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-21 பயிற்சி விமானங்கள் 24 உள்ளன. என்ஜின் அதே பி.டி.6 குடும்பம். ஓட்டத் தெரிந்த விமானிகளும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆயுதமும் கேமராவும் பொருத்துவது வேறு வேலை, எளிதும் அல்ல. தரை ரேடார் சரியான நேரத்தில் தகவல் தராவிட்டால் கடல்மேல் சுற்றுவதும் வீண்.

பாலிஸ்டிக் ஏவுகணையின் முன் டர்போபிராப்பால் எதுவும் செய்ய முடியாது. ஜூன் 23 அன்று வந்தவை அவைதான்; அவற்றை மறிக்கப் பேட்ரியாட்தான் வேண்டும். கடலின் மேல் துப்பாக்கியாலோ மலிவு ராக்கெட்டாலோ ஒரு ஷாஹெத்தை முடித்தால், அதற்காகச் செலவாகியிருக்கும் பேட்ரியாட் ஒன்று அடுத்து வரும் பாலிஸ்டிக் ஏவுகணைக்காக ஏவுதளத்திலேயே மிஞ்சியிருக்கும்.