நீயா... நீங்களா? பிரெஞ்சில் பேசும் முன் உஷார்!

திருச்சி:
1752-ல் பிரெஞ்சு படை ஆங்கிலேயரிடம் சரணடைந்த ஸ்ரீரங்கம் தீவுக்கு இப்போது பிரெஞ்சுக்காரர்கள் கோவில் பார்க்க வருகிறார்கள். நாலு வார்த்தை தெரிந்தால் கைடு, ஆட்டோ டிரைவர்களுக்கு சவாரி சுலபம்.

எடுத்ததும் ரேட் பேசக்கூடாது. முதலில் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்லணும். 'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். முன்பின் தெரியாதவரை 'த்யூ' என்றால் முகம் சுளிப்பார். நம்ம ஊர் பெரியவரை 'நீ' என்ற கதைதான்!

வினைச்சொல் நம்மைப்போல கடைசியில் வராது. "நான் சாப்பிடுகிறேன் சோறு" என்பதுதான் அவர்கள் வரிசை. மறுப்புக்கு வினையின் முன்னால் 'ந', பின்னால் 'பா'. அவசரப் பேச்சில் 'ந'வை விழுங்கிவிடுவார்கள். 'பா' காதில் விழுந்தாலே 'இல்லை' என்று புரிஞ்சுக்கலாம்.

சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது. பாரிஸ் அவர்கள் வாயில் 'பரி'. எழுத்தில் 'சென்ட்' மாதிரி தெரியும் நூறு, மூக்கால் சொல்லும் 'ஸோன்'. 200 ரூபாய்க்கு 'த ஸோன்' என்று கேட்கணும். 'தூஸ்' என்று வாய் தவறினால் வெறும் 12 ரூபாய்தான்!