ரோமின் கஜானாவை மிளகு காலி செய்ததா?

சென்ற வாரம் முசிறித் துறையில் மிளகு மூட்டைகள் கப்பலேறியதோடு நிறுத்தினோம். அந்த மிளகால் யார் இழந்தார்கள், யார் கொழுத்தார்கள் என்ற கணக்கு பாக்கி இருக்கிறது. தமிழர் கடல் வணிகத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் தவறாமல் வந்துவிடும் பெயர், ரோம எழுத்தாளர் மூத்த பிளினி. கி.பி. 77-இல் முடித்த ‘இயற்கை வரலாறு’ நூலில், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ஓரிடத்தில் அங்கலாய்க்கிறார். இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து 10 கோடியைக் கொண்டுபோகின்றன என்று இன்னோரிடத்தில் சொல்கிறார். இதை வைத்து, நம் மிளகும் முத்தும் ரோமின் கஜானாவையே வற்றடித்தன என்று ஒரு கதை வளர்ந்துவிட்டது. கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், அந்தக் கஜானா நம் சரக்கால் நிரம்பியது என்றே எனக்குப் படுகிறது.

முதல் சான்று வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இதை 1985-இல் அறிஞர்கள் பதிப்பித்தார்கள். ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம். செங்கடல் கரையில் இறங்கிய சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடத்திக் கொப்டோஸ் நகருக்கும், அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டுபோகும் ஏற்பாடு அதில் விவரமாக இருக்கிறது. போகிற இடமெல்லாம் சரக்கு சேர வேண்டியது அரசின் ‘கால் வரி’ கிடங்கில். கடன் கொடுத்தவரின் முத்திரையோடு. மறுபக்கத்தில் ‘ஹெர்மபோலன்’ என்ற கப்பலில் வந்த கங்கைச் சமவெளி நறுமணத் தைலப்புல், தந்தம் முதலியவற்றின் மதிப்பு. வரி போக எஞ்சியது சுமார் 69 லட்சம் திராக்மா என்பது ஆய்வாளர்கள் பலரின் வாசிப்பு. எகிப்தியத் திராக்மா ஒன்று ஏறக்குறைய ஒரு செஸ்டர்ஸ். அப்படியானால் அரசு எடுத்துக்கொண்ட நாலில் ஒரு பங்கு சுமார் 23 லட்சம். அன்று ஒரு ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். ஒரே கப்பலின் வரியில் ஏறத்தாழ 1,900 வீரர்களுக்கு ஓராண்டு படியளக்கலாம்.

ஒரு கப்பலை வைத்து ஊரை அளக்கலாமா, அதுவும் பிளினிக்குப் பிந்திய கப்பலை வைத்து, என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பிளினியின் நூலிலேயே இருக்கிறது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவன் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையொதுங்கிய கதையை அவர் சொல்கிறார். ஆறு மாதம் விருந்தாளியாக இருந்தவனிடம் இருந்த தெனாரியஸ் காசுகளைப் பார்த்தான் இலங்கை மன்னன். வெவ்வேறு தலைகள் பொறித்திருந்தும் எடை மட்டும் மாறாததைக் கண்டு ரோமரின் நேர்மையை மெச்சினானாம். வெறும் கதை என்று தள்ளிவிடவும் முடியாது: பிளோகாமஸின் அடிமை லைசாஸ் எகிப்தின் கீழைப் பாலைவனத்தில் கி.பி. 6-இல் பாறையில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். ஆக, பிளினி புலம்புவதற்கு முன்பே செங்கடல் வரி ஏலம் எடுக்கும் அளவுக்கு லாபமான தொழில். அகஸ்டஸ் காலத்திலேயே மையோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வரி கட்டியது ரோமப் பேரரசின் வணிகர். அது வீட்டுப் பணம் வீட்டுக்குள் கைமாறியதுதான். கடல் தாண்டிய பொன் போனது போனதுதானே? பொன் வந்தது உண்மை. யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டே சொல்கிறது. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இனி இது காசல்ல, நிறுத்து வாங்கும் பொன் என்று அடையாளம் இட்டார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அதாவது பொன்னும் மதுவைப் போல, பவளத்தைப் போல இங்கே ஒரு சரக்கு. அந்தச் சரக்கு ரோமிடம் எவ்வளவு இருந்தது? ஸ்பெயினின் வடமேற்கும் லூசித்தானியாவும் ஆண்டுக்கு 20,000 ராத்தல் பொன் தந்ததாகச் சிலர் சொல்வதைக் குறித்துவைத்தவரும் இதே பிளினிதான். அன்றைய நாணய எடைப்படி அது சுமார் 9 கோடி செஸ்டர்ஸ். இந்தியாவுக்குப் போனதாக அவர் சொல்லும் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு, பேரரசின் ஒரு மூலையிலிருந்து மட்டும். பேரரசன் திபேரியஸ் சேர்த்துவைத்துவிட்டுப் போன 270 கோடி செஸ்டர்ஸை ஓராண்டு முடிவதற்குள் அடுத்து வந்த கலிகுலா கரைத்தான் என்கிறார் சூட்டோனியஸ். கஜானாவில் ஓட்டை விழுந்த இடம் அரண்மனைக்குள் இருந்தது.

பிளினி முத்தணிந்த சீமாட்டிகளைக் கண்டு கொதித்தவர்; ஆடம்பரத்தைக் கண்டிப்பதற்காகவே அந்தத் தொகைகளைச் சொன்னார். இந்தியச் சரக்கு ரோமில் நூறு மடங்கு விலைக்குப் போகிறது என்று அதே மூச்சில் எழுதியவர், அந்த லாபம் யார் பைக்குப் போனது என்று கேட்காமல் விட்டுவிட்டார். ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அவர் இறந்து இரண்டே ஆண்டுகளில் அரியணை ஏறிய டொமிஷியன், ரோமின் நடுவே, புனித வீதியை ஒட்டி மிளகுக்கென்றே ஒரு பெருங்கிடங்கு கட்டினான்.