ஆபரேஷனுக்குப் பின் வீக்கமா? பத்துப் போடாதீர்கள்!

"ஐயா, தையல் போட்ட இடம் வீங்கி, நீலம் பாரிச்சுக் கிடக்கு. ஒரு பத்துப் போட்டு விடுங்களேன்!"

அறுபது வயது அம்மாள் ஒருவர் மகனோடு வந்து கேட்டார். சிறுநீரை அடக்க முடியாமல் பல வருஷம் அவதிப்பட்டவர். மாத்திரைகளுக்குக் கேட்காமல், நரம்பைத் தூண்டும் கருவி பொருத்திக்கொண்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அதென்ன கருவி? சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள், முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பின் துளைகள் வழியே வெளிவருகின்றன. அங்கே ஒரு நரம்பின் அருகே மெல்லிய கம்பியைச் செருகி, லேசான மின்துடிப்பு அனுப்புவார்கள். முதலில் சில நாள் வெள்ளோட்டம். தொல்லை பாதியாவது குறைந்தால்தான், பேட்டரியுள்ள சிறு கருவியைப் பிட்டத்தின் மேற்பகுதியில், தோலுக்கடியில் பை மாதிரி இடம் செய்து வைப்பார்கள். அமெரிக்காவில் 1997-ல் அனுமதி பெற்ற சிகிச்சை இது.

அந்தப் பைக்குள் இரத்தம் கசிந்து தேங்கினால் இரத்தக்கட்டு. எல்லோருக்கும் வராது. சின்னதென்றால் சில வாரங்களில் தானே கரையும். பெரிதானால் தையல் விடலாம். கிருமி புகுந்தால் கருவியையே எடுக்க வேண்டி வரலாம். சூட்டோடு பத்தோ ஒத்தடமோ போட்டால் கசிவு கூடும். உருவிவிட்டால் கம்பி நகரலாம். அதனால் நான் கை வைக்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே உடனே அனுப்பினேன்.

அதற்குமுன், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன். "இதயத்துக்கு ஆஸ்பிரின். அதை டாக்டர்கிட்ட சொன்னேன். பூண்டு மாத்திரையைச் சொல்லலை. அது மருந்தில்லையே ஐயா!"

அங்கேதான் தப்பு. ரசத்தில் தட்டிப் போடும் பூண்டுக்குப் பயமில்லை. ஆனால் பூண்டு, மஞ்சள் சத்து, ஜின்கோ மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். இவருக்கு அதுதான் காரணமென்று அடித்துச் சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தால் முன்கூட்டியே நிறுத்தியிருப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

* இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்கு ஆபத்தாகலாம். இதய டாக்டரும் அறுவை டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

* வீக்கம் பெருகினாலோ, கட்டுத்துணி நனைந்தாலோ, காய்ச்சல், சீழ், மயக்கம், கால் மரத்துப்போதல் என்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அம்மாளுக்கு மூன்று வாரத்தில் கட்டு கரைந்தது, கருவியும் தப்பியது. வைத்தியரிடம் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாமல் விடுவதும் கூடாது!